டொக்டரிடம் கேளுங்கள்: பிட்புல் குட்டி வாங்கலாமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 19 வயது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வீட்டில் அம்மா, 78 வயது அம்மம்மா, 6 வயதுத் தங்கச்சி. அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. தெரிந்த ஒருவர் பிட்புல் குட்டி ஒன்றை 45,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். ஆண் குட்டி, 6 கிழமை, காது வெட்டியாகிவிட்டது. ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் களவு போனபிறகு, ஒரு நாய் இருந்தால் நல்லது என்று அம்மாவும் சம்மதித்துவிட்டார். சொந்தக்காரர்கள்தான் பயமுறுத்துகிறார்கள். பிட்புல் உண்மையிலேயே ஆபத்தான நாயா? நல்ல குட்டியை எப்படித் தெரிவு செய்வது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, முதலில் காவல் விஷயத்தைப் பேசிவிடுவோம். அம்மா சம்மதித்ததே அதற்காகத்தானே. பிட்புல் காவலுக்கு ஏற்ற நாய் அல்ல. இந்த இனத்தை 1898இல் முதன்முதலாகப் பதிவில் ஏற்றிய அமெரிக்காவின் யுனைடெட் கெனல் கிளப் தன் இன வரையறையிலேயே அதைச் சொல்கிறது: அந்நியரோடும் மிகச் சிநேகமாகப் பழகும், ஆகவே காவலுக்குச் சிறந்த தெரிவு அல்ல. அதே வரையறையில், இவற்றில் பெரும்பாலானவை மற்ற நாய்களோடு ஓரளவாவது சண்டைக்குப் போகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு முக்கியமானது இதுதான்.

இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவும் விளையாட்டை 1835இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நாய்ச்சண்டை இன்னும் பரவியது. புல்டோக்கும் டெரியரும் கலந்த நாய்களைக் குழிக்குள் இறக்கி மோதவிட்டார்கள். அந்தக் குழிதான் பெயரில் இருக்கும் 'பிட்'. பல தலைமுறையாக நாயோடு மோதுவதற்கென்றே பெருக்கிய இனம், தங்கச்சியின் மடியில் தலை வைத்துப் படுக்கும். ஒழுங்கை முனையில் இன்னொரு நாயைக் கண்டதும் வேறு பிராணியாகிவிடும். இரண்டும் ஒரே நாய்தான்.

சில வருடங்களுக்கு முன் என் கிளினிக் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வயதுப் பிட்புல் ஒன்றை வருடாந்த ஊசிக்குக் கொண்டுவந்தார்கள். 24 கிலோ, நல்ல வடிவான நாய், குட்டியாக இருந்த காலத்திலிருந்து என்னிடம்தான் வரும். பிடித்து வந்த பையனுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். சங்கிலி கையிலிருந்து நழுவாமலிருக்க உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். எதிரே நிறுத்தியிருந்த ஓட்டோவின் கீழே கட்டாக்காலி நாயொன்று படுத்திருந்தது. அது தலையைத் தூக்கியதுதான் தாமதம், சங்கிலி இறுகிய சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. நான் வெளியே ஓடிவருவதற்குள் மற்றதின் கழுத்தைக் கவ்விவிட்டது. குரைக்கவும் இல்லை, உறுமவும் இல்லை. பையனின் மோதிர விரல் சங்கிலிக்குள் மாட்டி முறிந்துபோயிருந்தது. விலக்கி எடுத்துக் கால் மணி நேரம் கழித்து, நான் அதன் காதுக்குத் தையல் போடுகிறேன், அது வாலை ஆட்டிக்கொண்டு என் மணிக்கட்டை நக்குகிறது. ஓட்டோவுக்குக் கீழே படுத்திருந்த நாயை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஐந்து மாத வயதில் அந்த நாய் தெரு நாய்களோடு ஓடி விளையாடியது. அப்போது அதன் குணம் நல்லதென்று நானும்தான் சொன்னேன். இந்தக் குணம் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் வெளியே வரும். ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் குட்டி எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சரி, மனிதருக்கு ஆபத்தா? ஒழுங்காக வளர்த்த பிட்புல் வீட்டு மனிதரைக் கடிப்பது வழக்கமல்ல. தாடை பூட்டிக்கொள்ளும் என்று சொல்வதும் பொய், அப்படி ஒரு பூட்டு எந்த நாயின் வாயிலும் கிடையாது. ஆனால் கடித்தால் விட மனமில்லாமல் பிடித்து உலுக்கும். அதனால்தான் மற்ற நாய் கடித்தால் இரண்டு தையலோடு போவது, இது கடித்தால் அறுவைச் சிகிச்சை வரை போகிறது. பிரித்தானியாவில் 1991இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் கடியை விட நான் பயப்படுவது அதன் அன்புக்கு. 25 கிலோ நாய் வாசலுக்கு ஓடிவந்து நெஞ்சில் தாவினால் அம்மம்மா விழுந்துவிடுவார். 78 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் உங்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: இன்னும் இரண்டு வருடத்தில் இந்த நாயின் சங்கிலியை யார் பிடிப்பார்? வெள்ளவத்தையில் 20 வருடத்துக்கு மேல் கிளினிக் வைத்திருக்கிறேன். "டொக்டர், மகனுக்கு கனடா விசா வந்துவிட்டது, நாயை யாராவது எடுப்பார்களா?" என்று கேட்டு வரும் அம்மாமார் எத்தனை பேர்! பொமரேனியன் என்றால் யாராவது எடுப்பார்கள். மூன்று வயது ஆண் பிட்புல்லை எடுக்க ஆள் வராது. வந்தாலும் என்ன தேவைக்கு எடுக்கிறார் என்று நினைத்தால் எனக்கு நித்திரை வராது. இந்த நாய் 12 வருடத்துக்கு மேலும் இருக்கும். தினமும் காலை ஐந்தரைக்கு, தார் சுடுவதற்கு முன், மரைன் டிரைவில் ஒரு மணி நேரம் நடத்த வேண்டும். ரயில் பாதையோரம் எத்தனை கட்டாக்காலி நாய்கள் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போனால் அம்மாவால் பிடிக்க முடியுமா? முடியாது என்றால், இந்தக் குட்டி வேண்டாம் தம்பி. தொடர்மாடி நிர்வாகக் குழு நாய்க்கு அனுமதி தருமா என்றும் அட்வான்ஸ் கொடுக்க முதல் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் யோசித்து, அம்மாவும் சரி என்று, வளர்த்தே தீருவேன் என்றால் இந்தக் குட்டியை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். 8 கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற பாடம் கிடைத்திருக்காது. 6 கிழமைக்குள் காது வெட்டியவர் வைத்தியரிடம் போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படிப்பட்டவர் மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருப்பார் என்று நம்ப முடியவில்லை.

தாயைப் பாருங்கள். கட்டிவைத்துக் காட்டினால், அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அந்நியரான உங்களிடம் வந்து மணந்து பார்த்துவிட்டுப் பேசாமல் படுக்கிற தாய் நல்ல தாய். தகப்பனுக்கு எத்தனை வயது, மற்ற நாய்களோடு எப்படி என்று கேளுங்கள். "நல்ல ஃபைட்டர்" என்று பெருமையாகச் சொன்னால் உடனே எழும்பி வந்துவிடுங்கள். பிறகு குட்டிகளுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தை நிலத்தில் போடுங்கள். திடுக்கிட்டுப் பின்வாங்கி, கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து மணந்து பார்க்கிற குட்டியை எடுங்கள். மூலையில் ஒடுங்கிப்போவதும் வேண்டாம், சகோதரம் கத்தக் கத்த விடாமல் கடிப்பதும் வேண்டாம். பெண் குட்டி என்றால் உங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் இலகு.

எடுக்க முதல் தாய்க்கும் குட்டிக்கும் இரத்தம் சோதியுங்கள். பபேசியா கிப்சோனி என்ற கிருமி நம் நாட்டில் உண்ணியால் பரவுவது. பிட்புல்களுக்கு ஒன்றையொன்று கடிப்பதாலும் தொற்றும், தாயிடமிருந்து குட்டிக்கும் வரும். முரசு வெளிறி, சாப்பாட்டை வெறுத்துக் கிடக்கும். மருந்து கொடுத்தாலும் முழுதாக விட்டுப்போவது கடினம். குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோயான பார்வோவுக்கு 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 16 கிழமை வரை இடைவெளி விட்டு ஊசி போட வேண்டும். விசர்நாய் ஊசியை ஒரு வருடமும் தவறவிடக் கூடாது.

களவுக்குப் பயம் என்றால், கேட் வாசலில் பிறந்து கிடக்கும் ஊர்க்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். படியில் காலடி கேட்டதுமே குரைத்துத் தொடர்மாடியை எழுப்பிவிடும். அம்மாவாலும் அதைப் பிடிக்க முடியும்.

கேள்வி: எங்கள் இரண்டரை வயதுப் பிட்புல் பக்கத்து வீட்டு நாயைக் கடித்துவிட்டது. அடுத்த முறை நடந்தால் எப்படி விலக்குவது? விதை எடுத்தால் அடங்குமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: விதை எடுத்தால் அலைச்சல் குறையும். சண்டைக் குணம் அதனால் மட்டும் போகாது. கூண்டில் நாள் முழுக்கப் பூட்டிவைத்தால் இன்னும் கூடும், தங்கச்சி, அதைச் செய்யாதீர்கள். இன்றைக்கே வாய்க்கூடு ஒன்று வாங்குங்கள். வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை மாதிரியானது. துணிப்பட்டி போட்டால் இந்த வெயிலில் இளைக்க முடியாமல் மயங்கிவிடும். முதல் ஒரு கிழமை கூட்டுக்குள் ஒரு துண்டு கோழி ஈரல் வைத்து, அதுவாகவே மூக்கை நுழைக்கப் பழக்குங்கள். பிறகுதான் வாரைக் கட்ட வேண்டும்.

அப்படியும் ஒருநாள் சண்டை மூண்டால், வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். இழுக்கவும் வேண்டாம், இழுத்தால் சதை கிழியும். உங்கள் நாயின் பின்னால் நின்று, கழுத்துப் பட்டிக்குள் ஒரு தடியைக் கொடுத்து முறுக்கிக்கொண்டே இருங்கள். மூச்சு முட்டியதும் வாயைத் திறக்கும். அந்தக் கணத்தில் பின்னுக்கு இழுத்து, மற்ற நாயைப் பார்க்க முடியாத இடத்தில் கட்டிவிடுங்கள். உங்கள் கையில் பல் பட்டிருந்தால், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போங்கள்.