பதில்: புரோட்டியோமிக்ஸிலிருந்து நோயெதிர்ப்பியலுக்கு மாறுவது

புரோட்டியோமிக்ஸில் (புரதங்களை மொத்தமாக ஆராயும் துறை) முனைவர் பட்டம் முடியப் போகிறது, அடுத்து நோயெதிர்ப்பியலில் ஆய்வு செய்ய ஆசை, ஆனால் டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) பற்றிப் பாடப்புத்தக அளவுக்குத்தான் தெரியும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) அனுபவத்துக்கென்றே அங்கே ஒரு துறை இருக்கிறது: இம்யூனோபெப்டிடோமிக்ஸ், அதாவது செல்கள் டி செல்களுக்குக் காட்டும் புரதத் துண்டுகளைப் படிப்பது.

செல்கள் தம் புரதங்களை நறுக்கி, அந்தத் துண்டுகளை எச்எல்ஏ எனும் செல்பரப்பு மூலக்கூறில் ஏற்றி வெளியே காட்டுகின்றன. டி செல் பார்ப்பது அதைத்தான். 1992-இல் அந்தத் துண்டுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் படித்துக் காட்டிய டொனால்ட் ஹன்ட் ஒரு வேதியியலாளர். நோயெதிர்ப்பியலாளர் விக்டர் எங்கல்ஹார்டுடன் சேர்ந்து செய்தார். உங்களுக்கும் அப்படி ஒரு கூட்டாளிதான் தேவை.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். இங்கே டிரிப்சின் (லைசின், ஆர்ஜினின் எனும் அமினோ அமிலங்களுக்குப் பின் புரதத்தை வெட்டும் நொதி) கிடையாது. துண்டின் கடைசியில் லைசினோ ஆர்ஜினினோ இருக்கும் என்று நம்பிப் புரதத் தரவுத்தளத்தில் தேட முடியாது. தேடல் பரப்பு பெருத்துவிடும், பொய்யான பொருத்தங்கள் எளிதில் நுழையும். அதனால் முதலில் நீளத்தைப் பாருங்கள். முதல் வகை எச்எல்ஏ என்றால் பெரும்பாலானவை 9 அமினோ அமிலங்கள். அதில் ஏ*02:01 என்ற ரகம் என்றால் இரண்டாம் இடத்தில் லியூசின், கடைசியில் வாலினோ லியூசினோ தூக்கலாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, மாதிரியைத் தயாரித்த விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது கருவியை மட்டும் பார்க்காதீர்கள். கண்டுபிடித்த பெப்டைடுக்கு (புரதத் துண்டுக்கு) டி செல் பதில் தருகிறதா என்று சோதிக்க அங்கே ஆள் இருக்கிறார்களா என நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.