ஒவ்வொரு பிட்டுக்கும் (ஏலக் கேட்புக்கும்) 10 ரூபாய் கட்டும் ஆன்லைன் ஏலத்தில் ஒரு போன் 340 ரூபாயில் நிற்கிறது. கடைசி நொடியில் ஏலம் கைநழுவுகிறது, இன்னொரு பிட் பேக் (மொத்தமாக விற்கும் பிட்கள்) வாங்கலாமா?

வாங்காதீர்கள். மீதி பிட்டையும் அந்த 340 ரூபாய் போனில் போடாதீர்கள்.

எதிரில் கேட்பவர் பெரும்பாலும் ஆட்டோ பிட் (தானாகவே பிட் போடும் வசதி) போட்டிருப்பார். நீங்கள் தட்டத் தட்ட விலை ஒரு ரூபாய் ஏறும், ஏலம் முடியும் நேரம் நீளும், அவ்வளவுதான். பிட் 10 ரூபாய் என்கிறீர்கள். பூஜ்யத்திலிருந்து 340 வர எல்லோருமாக 3,400 கட்டியாயிற்று. திருவாரூர் பருத்தி ஏலத்தில் தோற்ற வியாபாரி சரக்குக்குப் பணம் தருவதில்லை. இங்கே தோற்றவர் காசும் திரும்பாது.

இரண்டு மூன்று ஏலங்களைச் சும்மா பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர் கடைசி நொடியில் குதித்தால் விலகிவிடுங்கள். அப்புறம், செலவழித்த பிட்டைக் கழித்துக்கொண்டு கடை விலைக்கு வாங்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டோ பிட் இருப்பதாலேயே மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் ஜெயித்தபின் ‘வரி கட்டு’ என்று தனிப்பட்ட எண்ணுக்குப் பணம் கேட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள்.