மாநில உரிமை யாருக்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட ரெண்டு தன்பாலினத் திருமணத் தீர்ப்பையும் நீங்க ஆதரிச்சு எழுதியிருந்தீங்க, எனக்கு ஒண்ணு இடிக்குது. 2013ல விண்ட்சர் கேஸ்ல கல்யாணம்ங்கறது மாநிலத்தோட விஷயம்னு சொன்ன அதே கோர்ட், 2015ல ஓபர்கஃபெல் கேஸ்ல எந்த மாநிலமும் தடை போடக்கூடாதுன்னு சொல்லுது. ரெண்டும் எப்படி சரியாகும்? மாநில சுயாட்சி பேசுற நாம, நமக்குப் பிடிச்ச தீர்ப்புன்னா மட்டும் மாநில உரிமையை விட்டுக் கொடுக்கலாமா?

– வாசகர் ஒருவர், திருச்சி

தம்பி,

நீங்க கேட்டதை 2013லயே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தன்னோட மாறுபட்ட தீர்ப்புல எழுதிட்டார். இன்னைக்கு மாநில அதிகாரத்தைக் காரணமா காட்டறீங்க, நாளைக்கு மாநிலம் போட்ட தடை மேலயே கேஸ் வந்தா இதே காரணம் எதிர்ப்பக்கம் போய் நிக்கும்னார். அதனால உங்க சந்தேகம் லேசானது இல்ல.

ஆனா விண்ட்சர் கேஸ்ல நடந்தது என்னன்னு பாருங்க. எடித் விண்ட்சர், தியா ஸ்பையர்னு ரெண்டு பெண்கள், நாப்பது வருஷத்துக்கு மேல சேர்ந்து வாழ்ந்தவங்க, 2007ல டொரன்டோ போய் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, நியூயார்க் மாநிலம் அதை ஏத்துக்கிச்சு. 2009ல தியா இறந்ததும் ஒன்றிய அரசு எடித்கிட்ட இறந்தவர் விட்டுட்டுப் போன சொத்துக்கு 3,63,053 டாலர் எஸ்டேட் வரி கேட்டுச்சு, இறந்தது புருஷனா இருந்திருந்தா ஒரு டாலர்கூட கட்ட வேண்டியதில்ல. காரணம், கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தான்னு 1996ல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், போட்ட சட்டம். நியூயார்க் மாநிலம் கல்யாணம்னு சொன்னதை வாஷிங்டன்ல இருக்கற ஒன்றிய அரசு இல்லன்னு சொன்னப்போ மிதிபட்டது மாநில உரிமைதானே? 2015ல மாநில உரிமைன்னு பேசின பலபேர் அன்னைக்கு இந்தச் சட்டத்துக்குப் பக்கத்துல நின்னவங்க, அது எனக்கு இன்னமும் கோபம் வர்ற விஷயம்.

அந்தச் சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு எழுதின நீதிபதி கென்னடி, கல்யாணம் மாநிலங்களோட துறைன்னு சொன்ன கையோட, மாநிலத்தோட கல்யாணச் சட்டமும் தனி மனுஷனோட அரசியல் சட்ட உரிமைக்குக் கட்டுப்பட்டதுதான்னு எழுதி, 1967 லவிங் தீர்ப்பைக் காட்டறார். வெள்ளைக்காரரும் கறுப்பினப் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு ராத்திரி வீட்டுக்குள்ள புகுந்து பெட்ரூம்ல வச்சு அரெஸ்ட் பண்ணின வர்ஜீனியா மாநிலத்தோட சட்டத்தை உடைச்ச தீர்ப்பு அது. அந்த ஒரு வரியை விட்டுட்டுப் படிச்சா ரெண்டு தீர்ப்பும் முட்டிக்கிற மாதிரிதான் இருக்கும்.

இப்போ ஓபர்கஃபெல். ஒஹையோவில சின்சினாட்டிக்காரங்க ஜிம் ஓபர்கஃபெலும் ஜான் ஆர்தரும், இருபது வருஷமா ஒண்ணா இருந்தவங்க, ஜானுக்கு தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செயலிழக்கற ஏஎல்எஸ் நோய், படுத்த படுக்கை. சொந்த மாநிலத்துல கல்யாணம் முடியாது, 2004லயே ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சட்டத்துலயே தடையை எழுதி வச்சுட்டாங்க. மேரிலாந்துல 2012ல ஜனங்களே ஓட்டுப் போட்டு அனுமதிச்சிருந்தாங்க. சொந்தக்காரங்களும் நண்பர்களும் சேர்ந்து பணம் போட்டு மெடிக்கல் விமானம் ஏற்பாடு பண்ணாங்க, 2013 ஜூலைல பால்டிமோர் ஏர்போர்ட்ல அது நின்ன இடத்துலயே, கீழ இறங்காம, உள்ளயே கல்யாணம் முடிஞ்சுது, அப்படியே திரும்பி வந்துட்டாங்க. அப்புறம்தான் ஒரு வக்கீல் காலியான டெத் சர்டிஃபிகேட் ஃபாரம் ஒண்ணை எடுத்துக் காட்டினார். ஜான் இறந்தா ஒஹையோ அதுல கல்யாணம் ஆகாதவர்னு எழுதும், துணையோட பேர் வர்ற இடம் காலியா இருக்கும். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் கேஸ் போட்டாங்க தம்பி. அக்டோபர்ல ஜான் போயிட்டார்.

2015ல ராபர்ட்ஸ் சொன்னது, ஜனங்க பேசிப் பேசி ஓட்டுல மாத்திட்டு வர்றாங்க, அதை ஏன் கோர்ட் நிறுத்தணும்னு. அதுல நியாயம் இல்லாம இல்ல, ஓட்டுல ஜெயிச்சு வந்த உரிமைக்கு வேர் ஆழம்னு எனக்கும் தோணும். ஆனா கல்யாணம் முடிஞ்சப்போ ஜானுக்கு மிச்சம் இருந்தது மூணு மாசம், அவர்கிட்ட அடுத்த தேர்தல் வரைக்கும் இருங்கன்னு எப்படி சொல்றது?

நான் மாநில சுயாட்சி கேக்கறது டெல்லி நம்ம வீட்டுக்குள்ள கை வைக்கக்கூடாதுன்னு. அதையே மாநிலம் தன்னோட ஜனங்க மேல செஞ்சா அதுக்கு நான் உரிமைன்னு பேர் வைக்க மாட்டேன். எந்த அரசு முடிவு பண்றதுங்கறது ஒரு கேள்வி, எந்த அரசுக்குமே அந்த முடிவு இல்லைங்கறது வேற கேள்வி. விண்ட்சர்ல ரெண்டும் ஒரே பக்கம் நின்னுச்சு, ஓபர்கஃபெல்ல பிரிஞ்சு நின்னுச்சு, நான் ரெண்டு தடவையும் எடித் பக்கமும் ஜிம் பக்கமும் நின்னேன்.

இது முடிஞ்சு போன கதையும் இல்ல. 2022ல கருக்கலைப்பு அரசியல் சட்ட உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்போ நீதிபதி தாமஸ் ஓபர்கஃபெல்லையும் மறுபரிசீலனை பண்ணணும்னு எழுதினார். அதே வருஷம் டிசம்பர்ல காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டுச்சு, ஒரு மாநிலத்துல செல்லுபடியான கல்யாணத்தை மத்த மாநிலங்களும் ஏத்துக்கணும்னு. ஆனா தன் எல்லைக்குள்ள நடத்தி வச்சே ஆகணும்னு அதுல இல்ல. ஓபர்கஃபெல் தீர்ப்பு விழுந்தா ஒஹையோவோட பழைய தடைக்கு மறுபடி உயிர் வரும், சின்சினாட்டில இருக்கற ஜோடி திரும்ப வேற மாநிலத்துக்கு ஃபிளைட் பிடிக்கணும்.