சாவி அவர்களிடம், சம்மன் உங்களிடம்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 66, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கார் ஓட்டுவதில்லை. 2018 மார்ச்சில் பதிவான மெர்சிடிஸ் ஏ-கிளாஸ், கடன் முழுவதும் அடைத்தாயிற்று. முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் அறநிறுவனத்துக்குப் பொங்கல் விழா மேடையில் சாவியைக் கொடுத்தேன். பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஐந்து மாதமாகிவிட்டது. தொண்டூழியர் ஒருவர் அதைச் சொந்தக் கார்போல ஓட்டித் திரிகிறார். வாகன நிறுத்த அபராதமும் வேகமீறல் கடிதமும் எனக்கு வருகின்றன. ஒரு நன்றிக் கடிதம்கூட வரவில்லை. மாற்றுச் சாவி என்னிடம்தான் உள்ளது. காரைத் திருப்பி எடுத்துவரலாமா? வரிக்கழிவாவது கிடைக்குமா?

பதில்: ஐயா, நன்றிக் கடிதத்தை விடுங்கள். தொண்டூழியர் மனைவியை ஏற்றிக்கொண்டு ஜொகூருக்குப் போனதையும் விடுங்கள். வருத்தம் நியாயமானதுதான், ஆனால் வழக்குக்கு உதவாது. உங்கள் விவகாரத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கார் இப்போது அவர்களுடையது, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவேட்டிலோ இன்னும் உங்கள் பெயர்.

கொடுக்கும் எண்ணத்தோடு பொருளை ஒப்படைத்த அந்த நிமிடமே நன்கொடை முழுமையாகிவிடுகிறது. பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது. ஆணையத்தின் பதிவு, வண்டிக்கு யார் பொறுப்பு என்று காட்டுமே தவிர, சொத்து யாருடையது என்பதை முடிவுசெய்யாது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெற்றிலைத் தட்டில் சாவி, பானெட்டில் குங்குமப் பொட்டு, பின்னால் நூறு பேர் கைதட்டுகிறார்கள். அந்தப் படம் அவர்களுக்குத்தான் சாட்சி. 'சாப்பாடு கொண்டுபோக மட்டும்' என்று மேடையில் சொன்னேன் என்கிறீர்கள். அது உங்கள் ஆசை. எழுத்தில் இல்லாத ஆசையை நிபந்தனையென்று நிரூபிப்பது மிகக் கடினம்.

ஆகவே அந்த மாற்றுச் சாவியைத் தொடாதீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சில ஆண்டுகளுக்குமுன் என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான், விடியற்காலையில் பலமாடி வாகன நிறுத்தத்துக்குப் போய், மருமகனுக்குக் கொடுத்த காரை எடுத்து வந்துவிட்டார். மருமகன் போலிசில் புகார் கொடுத்தார். 'பதிவு என் பெயரில்தானே' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். விசாரணை முடிய மாதக்கணக்காயிற்று. மனிதர் அதற்குள் பத்து வயது கூடியவர்போல் ஆகிவிட்டார். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் பதிவை ரத்து செய்து, பார்ஃப் எனப்படும் பதிவுக் கட்டணக் கழிவுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். எட்டு வயது தாண்டிய உங்கள் காருக்கு ஏஆர்எஃப் எனப்படும் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 55 விழுக்காடு திரும்பக் கிடைக்கும், சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழில் மிச்சமுள்ள காலத்துக்கும் பணம் உண்டு. சின்னத் தொகையில்லை. அதனால்தான் கேட்டு வழக்குப் போடுவார்கள்.

வேகமீறல் கடிதத்துக்குக் கெடுவுக்குள் பதில் போடுங்கள். ஓட்டியவர் யார் என்று பதிவு உரிமையாளர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவரே ஓட்டியதாகச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த உண்மையை மட்டும் எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்னாரிடம் வண்டியை ஒப்படைத்தேன், படம் இணைத்துள்ளேன். தொல்லை தீர்ந்தால் சரி என்று மகன் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அபராதத்தில் முடிய வேண்டியதைக் குற்ற வழக்காக்கிவிடுவீர்கள்.

அடுத்தது காப்புறுதி. கோபத்தில் அதை ரத்து செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், செய்யவே செய்யாதீர்கள். காப்புறுதி இல்லாத வண்டியை ஓட்டுவது மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பதும் குற்றம். 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, 12 மாதம் ஓட்டுநர் உரிமமும் போகலாம். சாங்கி சாலையில் அந்தத் தொண்டூழியர் ஒருவரை இடித்துவிட்டால், 'நான் அனுமதிக்கவில்லை' என்று நீதிமன்றத்தில் விளக்கிக்கொண்டு நிற்பது நீங்கள். காப்புறுதி நிறுவனத்திடம் உள்ளதை உள்ளபடி இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். பெயர் மாறும்வரை யாரும் ஓட்டக்கூடாது என்று அறநிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

வரிக்கழிவு கிடையாது. ஐபிசி, அதாவது பொதுநல அமைப்பு என்ற தகுதியுள்ள அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால் 250 விழுக்காடு கழிவு உண்டு. பங்குகள், அரும்பொருளகத்துக்குக் கொடுக்கும் கலைப்பொருள் போன்ற சிலவற்றுக்கும் உண்டு. கார் அந்தப் பட்டியலில் இல்லை. பணமாகப் பெற்றதாக ரசீது எழுதித் தரச் சொல்லலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அது பொய்க்கணக்கு. உங்களையும் மாட்டிவிடும், அவர்களுடைய தகுதிக்கும் உலைவைக்கும். கார் கொடுக்க நினைக்கும் மற்ற வாசகர்கள் முதலில் காரை விற்றுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பெயர் மாற்றத் தொல்லையும் இராது, கழிவும் கிடைக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது சமரசம். தொண்டூழியரிடம் பேசிப் பயனில்லை, நிர்வாகக் குழுத் தலைவருக்கு எழுதுங்கள். ஏழு நாளில் அவர்கள் பெயரில் காப்புறுதி எடுத்துப் பெயர் மாற்றத்தை ஏற்க வேண்டும், இதுவரை வந்த நிறுத்த அபராதங்களை நீங்களே கட்டிவிடுகிறீர்கள் என்று. அந்தச் சில நூறு வெள்ளிக்காக வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால் கடிதச் செலவே அதைத் தாண்டும். உங்கள் பக்கத்து வேலையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் இன்றே தொடங்கிவிடுங்கள், அவர்கள் ஏற்பதுதான் பாக்கி என்று பதிவாகிவிடும். ஏழு நாளில் அசையவில்லையென்றால், அந்தக் கடிதத்தின் நகலோடு என்னிடம் வாருங்கள், அறநிறுவன ஆணையருக்கு எழுதுவோம். மாற்றுச் சாவியை அந்தக் கடிதத்தோடு சேர்த்து உறையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.