யூதச் சமயச் சட்டத்தின் புதுத் தானியத் தடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அறுவடையாகி ஓராண்டு கடந்த கோதுமைதானே ‘பழையது’?

பதில்: இல்லை. அறுவடைத் தேதியைப் பார்க்காதீர்கள்; வேர்பிடித்த நாளைப் பாருங்கள். யூத நாட்காட்டியின் நிசான் மாதம் (மார்ச்–ஏப்ரல் வாக்கில்) 16-ஆம் நாளுக்கு முன் வேர்பிடித்த பயிர் அந்த நாள் கடந்ததும் பழையதாகிவிடும்; பின்னர் வேர்பிடித்தது அடுத்த நிசான் 16 வரை ‘ஹாதாஷ்’, அதாவது உண்ணக் கூடாத புதுத் தானியம்.

கேள்வி: அரிசிக்கும் மக்காச்சோளத்துக்கும் தடை உண்டா?

பதில்: கிடையாது. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட் (கோதுமையின் ஒரு வகை), ஓட்ஸ், ரை ஆகிய ஐந்துக்கு மட்டுமே. ரை என்பது நம் கம்பு அன்று.

கேள்வி: நிசான் 16-இல் செலுத்திய ஓமர் என்னும் புதுக் கதிர்க் காணிக்கையே இப்போது இல்லாதபோது தடை எப்படி நீங்குகிறது?

பதில்: எருசலேமில் யூத ஆலயம் இருந்தவரை காணிக்கை செலுத்தியதும் தடை நீங்கியது, அந்த வேளையில் எருசலேம் கடைத்தெருவில் புது மாவும் வறுத்த தானியமும் குவிந்து கிடந்ததை மிஷ்னா என்ற பண்டைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின், யூதச் சட்ட அறிஞர் ரப்பான் யோகனான் பென் சக்காய் அந்த நாள் முழுவதையும் தடைக்குள் கொண்டுவந்தார். இஸ்ரேலுக்கு வெளியே மறுநாளும் காத்திருப்பார்கள்.

கேள்வி: பீருக்காகத்தானே போலந்து ரப்பிகள் (யூத மதகுருக்கள்) சட்டத்தை வளைத்தார்கள்?

பதில்: எத்தனை முறை மறுத்தாலும் இந்தப் பழி திரும்பத் திரும்ப வருகிறது, எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது. குளிர் மிகுந்த அந்த நாட்டில் வாற்கோதுமையும் ஓட்ஸும் பெரும்பாலும் பனி உருகிய பிறகே விதைக்கப்பட்டதால், அறுவடையிலிருந்து அடுத்த பெசாக் (நிசான் 16 வரும் பஸ்கா பண்டிகை) வரை ஏறக்குறைய அரையாண்டுக்கும் மேலாக அவற்றைத் தொட முடியாத நிலை இருந்தது. பண்ணையாரிடம் மதுக்கடையைக் குத்தகைக்கு எடுத்த குடும்பங்களுக்கோ பீர்தான் சோறு போட்டது. ரமா என்று அழைக்கப்பட்ட கிராகோ நகர ரப்பி (இறப்பு 1572) இரட்டை ஐயத்தைச் சுட்டினார்: தானியம் சென்ற ஆண்டினதாக இருக்கலாம், இவ்வாண்டினதே ஆனாலும் நிசான் 16-க்கு முன்பே வேர்பிடித்திருக்கலாம். அவருக்குப் பின் வந்த பாஹ் என்ற ரப்பி (1561–1640), இஸ்ரேலுக்கு வெளியே யூதரல்லாதவரின் நிலத்தில் விளைந்ததற்கு இத்தடை பொருந்தாது என்று வாதிட்டார். வில்னா காவோன் என்ற அறிஞர் (1720–1797) அதை ஏற்கவில்லை. மிஷ்னா பெரூரா என்ற பிற்காலச் சட்ட நூலோ, தளர்த்தி உண்பவரைக் கண்டிக்க வேண்டாம், ஆனால் இயன்றவர் பேணுவது நல்லது என்கிறது. வயிற்றுப்பாட்டையும் வேதத்தையும் ஒருங்கே சுமந்தவர்களின் உழைப்பு இது. ‘வளைத்தார்கள்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம்.

கேள்வி: இஸ்ரேலில் இந்தச் சிக்கல் உண்டா?

பதில்: உள்நாட்டுக் கோதுமையில் இல்லை, அது மழைக்காலத் தொடக்கத்தில் விதைக்கப்படுகிறது. இறக்குமதியை விசாரிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் அமெரிக்க மாவு இருக்கிறது. ஆகுமா?

பதில்: எந்த மாவு, எப்போது அரைத்தது என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? இலையுதிர்காலத்தில் விதைக்கும் குளிர்காலக் கோதுமை என்றால் கவலையில்லை. டகோட்டா, மின்னசோட்டா பகுதிகளின் வசந்தகாலக் கோதுமை ஏப்ரல், மே வாக்கில் விதைக்கப்பட்டு ஆகஸ்ட் வாக்கில் அறுவடையாகிறது. பசைத்தன்மை மிகுந்த ரொட்டி மாவும் பேகல் என்ற வளைய ரொட்டியும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன. பையின் தையலோரம் அச்சிட்ட குறியீட்டைப் படித்து, சான்றளித்த ரப்பியிடம் காட்டுங்கள். மீண்டும் சொல்கிறேன்: கேட்க வேண்டியது வேர்பிடித்த நாள்.