‘மலை’யை இழுத்தால் ‘மாலை’ ஆகிவிடும்

வாசகர் கேள்வி – பதில்: இசை

சென்ற இதழில் போர்த்துக்கல் நாட்டு ரொக் பாடகர் ருய் வெலோசுவைப் பற்றி நாலு வரிக் குறிப்பு வந்திருந்தது. 1980இல் ‘ஷிக்கு ஃபினிஞு’ என்ற பாட்டால் பேர் வாங்கியவர், கிட்டாரும் மௌத் ஓர்கனும் வாசிப்பவர் என்பதோடு அது முடிந்துவிட்டது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நாலு வரி போதவில்லை. இவர் யார், எங்கிருந்து வந்தார்?
– வாசகர், ஹட்டன்

பிறந்தது லிஸ்பனில், 1957 ஜூலை 30. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் வடக்கே போர்ட்டோ நகருக்குக் குடிபோனது. அதனால் அவருடைய பாட்டெல்லாம் போர்ட்டோக்காரரின் பாட்டு. ஆறு வயதில் மௌத் ஓர்கன் வாசிக்கத் தொடங்கினார், பிறகு கிட்டார். பி.பி. கிங், எரிக் கிளாப்டன் ஆகிய புளூஸ் கிட்டார்க்காரர்களின் இசைதான் அவருக்குப் பாடசாலை.

அவர் வளர்ந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1974 ஏப்ரல் 25 வரை போர்த்துக்கலில் சர்வாதிகார ஆட்சி. அன்று இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தபோது, புறப்படுவதற்கான சமிக்ஞையே வானொலியில் ஒலித்த இரண்டு பாட்டுகள்தாம். பாட்டுக்கு அவ்வளவு மதிப்பிருந்த நாடு அது. ஆனாலும் போர்த்துக்கேய மொழி அரசியல் பாட்டுக்கும் ‘ஃபாடோ’ என்னும் அந்நாட்டுச் சோகப் பாட்டுக்கும் உரியது, ரொக்குக்கு ஆங்கிலமே சரி என்ற எண்ணம் இளைஞர்களிடம் ஊறிப்போயிருந்தது. வெலோசுவும் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பாடியவர்தான்.

1980இல் வந்த ‘ஆர் டி ரொக்’ இசைத்தட்டு அந்த எண்ணத்தை உடைத்தது. தலைப்பிலேயே சிலேடை இருக்கிறது: போர்த்துக்கேயத்தில் ‘ரொக்கின் சாயல்’ என்று பொருள், காதில் விழுவதோ ‘ஹார்ட் ரொக்’. அதிலுள்ள ‘ஷிக்கு ஃபினிஞு’ போதைக்குள் விழுந்த ஒரு போர்ட்டோ தெருப் பையனைப் பற்றியது. தெருவில் பேசுகிற சொற்களாலேயே எழுதப்பட்டது. அடுத்த ஓரிரு வருடங்களில் போர்த்துக்கேய மொழியில் பாடும் குழுக்கள் நாடெங்கும் முளைத்தன.

‘போர்த்துக்கேய ரொக்கின் தந்தை’ என்கிறார்களே, சரியா?
– ஆசிரியர், பொகவந்தலாவை

பட்டம் கொஞ்சம் பெரிது. ஜொசே சிட் 1978இலேயே போர்த்துக்கேய மொழியில் முழு ரொக் இசைத்தட்டு வெளியிட்டுவிட்டார். ‘ஷூட்டோஷ் இ பொன்டாபேஷ்’ குழு தொடங்கியதும் 1978இல். முதலில் செய்தவர் வெலோசு அல்லர். மற்றவர்களும் இதைச் செய்யலாம் என்ற துணிவை ஊட்டியவர் அவர். அந்தப் பெருமையிலும் பாதி கார்லோஸ் தெ என்பவருக்குச் சேரவேண்டும். மெட்டு வெலோசுவுடையது, சொற்கள் பெரும்பாலும் தெயுடையவை. பாடகர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டெழுதியவரை விட்டுவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. விட்டுவிடக்கூடாது.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழில் புளூஸ் எழுதிப் பார்க்கிறோம். பாடினால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. தமிழுக்கு இந்த இசை பொருந்தாதா?
– இளைஞர் குழு, தலவாக்கலை

பொருந்தும். போர்த்துக்கேயம் பொருந்தாது என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு.

முதலாவது, சொல் கூடிப்போவது. புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம் வழமையாக 12 பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று), ஒரு பாருக்கு 4 தட்டு. ஈ சுருதியில் வைத்தால் கிட்டாரில் ‘ஈ7’ என்ற கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) நான்கு பார், ஏ7 இரண்டு, மறுபடி ஈ7 இரண்டு, பிறகு பீ7, ஏ7, ஈ7, பீ7 ஒவ்வொரு பார். இந்தப் பன்னிரண்டில் மூன்று வரிதான் பாட்டு. வரிக்கு நான்கு பார் கிடைத்தாலும் முதல் இரண்டு பார், அதாவது 8 தட்டு மட்டுமே குரலுக்குரியது. மிச்ச 8 தட்டு கிட்டாரோ மௌத் ஓர்கனோ பதில் சொல்லும் இடம். புதிதாக எழுதுபவர்கள் நான்கு பாரையும் சொல்லால் நிரப்பிவிடுவார்கள். அப்போது பாட்டு மூச்சு முட்டும். எட்டுத் தட்டுக்கு நாலு சீர் போதும்:

மூடுபனி / இறங்கிருச்சு / முச்சந்தி / தெரியல
(அதே வரி இன்னொரு தடவை)
கடைசி பஸ்ஸும் / போயிருச்சு / கால்நடையா / வாரேம்மா

சீருக்கு இரண்டு தட்டு. இரண்டாம் தடவை பாடும்போது கீழே ஏ7 மாறிவிடுவதால் அதே வரிக்கு வேறு நிறம் வரும். அதற்காகத்தான் திரும்பப் பாடுவது. மூன்றாம் வரியில்தான் விஷயம் உடையவேண்டும்.

இரண்டாவது காரணம் குறில் நெடில். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையை எவ்வளவு இழுத்தாலும் சொல் மாறாது. ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தில் அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கியே பேசுவார்கள், அதனால் சொற்கள் சுருங்கித் தாளத்துக்குள் அடங்கும். தமிழில் குறிலை இழுத்தால் வேறு சொல் பிறந்துவிடும். ‘மலை’யை இழுத்தால் ‘மாலை’, ‘கல்’லை இழுத்தால் ‘கால்’. கேட்பவர் காதுக்கு ஏதோ பிசகு என்று படும், எங்கே என்று பிடிபடாது. ஆகவே நீட்டிப் பாடவேண்டிய சுரத்தில் நெடில் விழும்படி சொல்லை மாற்றுங்கள். மெட்டை மாற்ற வேண்டாம். நெடில் கிடைக்காவிட்டால் ம், ன், ல் போன்ற ஒற்றில் நின்று நீட்டலாம்.

இதில் தமிழுக்கு ஒரு வசதியும் உண்டு. புளூஸின் ‘ஷஃபிள்’ நடையில் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிரிந்து, முன்பகுதி இரண்டு பங்கும் பின்பகுதி ஒரு பங்குமாக விழும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. ‘வாடி’, ‘தேடி’, ‘மூடு’ எல்லாம் தாமாகவே அந்த நடையில் உட்காரும். திஸ்ர நடையில் தப்பு அடித்துப் பழகிய கை உங்களில் ஒருவருக்கு இருந்தால் அவரையே முதலில் தாளம் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இறங்கியது’ என்று எழுதாதீர்கள். ‘இறங்கிருச்சு’ என்றே எழுதுங்கள். கார்லோஸ் தெ போர்ட்டோவின் தெருப்பேச்சைத் திருத்தாமல் வைத்தார். தோட்டத்துப் பேச்சுக்கும் அந்த உரிமை உண்டு.

கடையில் வாங்கிய மௌத் ஓர்கனில் அந்த அழுகிற மாதிரியான சத்தம் வரவில்லை. ஏன்? குளிரில் சில துவாரங்கள் ஒலிப்பதே இல்லை.
– மாணவி, நுவரெலியா

நம்மூர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது இரட்டை வரிசைத் துவாரமுள்ள ‘ட்ரெமலோ’ வகை. அதில் ஒவ்வொரு நாக்குக்கும் (அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோகத் தகடு) தனி அறை. அந்த அழுகைச் சத்தம் சுரத்தை வளைப்பதால் வருவது; வளைக்க, ஊதும் நாக்கும் உறிஞ்சும் நாக்கும் ஒரே அறையில் இருந்தாகவேண்டும். அது 10 துவார ‘டயட்டோனிக்’கில்தான் உண்டு.

சி சுருதி 10 துவார ஓர்கன் வாங்கினால் அதைக்கொண்டு ஜீ சுருதிப் பாட்டு வாசியுங்கள் (ஜீ7, சி7, டி7). இரண்டாம் துவாரத்தை உறிஞ்சினால் வருவது ஜீ, அதுவே வீடு, அதாவது பாட்டு வந்து நிற்கும் சுரம். தோழர்கள் ஈயில் வாசித்தால் உங்களுக்கு ஏ ஓர்கன் வேண்டும். சி ஓர்கனை வைத்துக்கொண்டு ஈ பாட்டோடு மல்லுக்கட்டுவதுதான் வழமையான தவறு.

வளைக்கப் பழக நான்காம் துவாரம் சுலபம். மெதுவாக உறிஞ்சிக்கொண்டே உங்கள் வாய்க்குள் இருக்கும் நாக்கை ‘ஈ’ சொல்லும் நிலையிலிருந்து ‘ஊ’ நிலைக்குக் கொண்டுபோங்கள். சுரம் அரைப்படி இறங்கும். பலமாக உறிஞ்சக்கூடாது; உலோக நாக்கு திணறும், நாளடைவில் முறியும்.

குளிரில் ஒலிக்காததற்குக் காரணம் மூச்சின் ஈரம். குளிர்ந்த தகட்டில் அது நீராகப் படிந்து நாக்கை ஒட்டிவிடுகிறது. தப்பைக் காய்ச்சாமல் அடிக்கமாட்டோம் அல்லவா? ஓர்கனை நெருப்பில் காட்ட வேண்டாம், ஐந்து நிமிடம் உள்ளங்கையிலோ சட்டைக்குள்ளோ வைத்தால் போதும். வாசித்து முடித்ததும் துவாரப்பக்கம் கீழே இருக்க உள்ளங்கையில் தட்டி, காற்றில் உலரவிட்டுப் பெட்டியில் போடுங்கள். கிட்டாருக்கும் குளிர் ஒரு வேலை செய்யும்: கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். அறைக்குள் வந்து கால் மணி நேரம் கழித்தே சுருதி சேர்க்கவும்.

பெயரை எப்படி உச்சரிப்பது?
– வாசகர், மஸ்கெலியா

கடைசி ‘ஓ’ அங்கே ‘உ’ ஆகும், எனவே வெலோசு. ‘ஃபினிஞு’வில் வருவது நம் ‘ஞ’வேதான். மற்றபடி ஜன்னல், பாண், சப்பாத்து, கதிரை, குசினி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையாதலால் பாதி உச்சரிப்பு ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது.

எதை முதலில் கேட்கலாம்? ‘மிளகு’ பற்றி ஒரு தட்டு செய்தாராமே?
– வாசகர், பேராதனை

முதலில் 1986 தட்டிலுள்ள ‘போர்ட்டோ சென்டிடு’. டோரு ஆற்றைக் கடந்து நகருக்குள் வருபவரின் கண்ணில் விழும் பழைய வீடுகளைப் பற்றிய மெதுவான பாட்டு. அதே ஆற்றின் மேற்பகுதியில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திராட்சை வளர்க்கிறார்கள், தேயிலை மலை பார்த்த கண்ணுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. அடுத்து 1990இன் ‘மிங்கோஸ் இ ஓஸ் சமுராய்ஸ்’. சிற்றூர் வாத்தியக் குழு ஒன்றின் கதையை இரட்டைத் தட்டில் பாட்டாகச் சொல்கிறது. அவருடைய உச்சம் அதுவே என்பது எங்கள் கருத்து.

மிளகுத் தட்டு 1991இல் வந்த ‘ஔட்டு ட பிமென்டா’. போர்த்துக்கேயரின் கடற்பயணங்களை நினைவுகூரும் அரச விழாக்களுக்காகக் கேட்டு வாங்கப்பட்டது. இசை நல்ல இசை. ஆனால் 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் அதே போர்த்துக்கேயப் படைகள் கண்டி இராச்சியத்திடம் அழிந்தன. பேராதனையில் இருப்பவருக்குக் கன்னொறுவை ஆற்றுக்கு அக்கரைதானே. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்களைப் பற்றி இவர் ஏதும் பாடியிருக்கிறாரா? மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான்.
– ஒரு தாய், வட்டவளை

உண்டு, அம்மா. 1996இல் வெலோசு, ஷூட்டோஷ் குழுவின் டிம், ஜொர்ஜ் பல்மா, விட்டொரினோ, ஜொவாவ் ஜில் ஆகிய ஐவர் ‘ரியோ கிராண்ட்’ என்ற பெயரில் சேர்ந்தார்கள். தெற்கேயுள்ள அலென்டெஜோ என்னும் வறண்ட விவசாயப் பகுதியை விட்டு லிஸ்பன் பக்கம் பிழைக்கப் போனவனின் கதைதான் அந்தத் தட்டு. அதில் ‘போஸ்டல் டோஸ் கொரெயோஸ்’ என்ற பாட்டு, அவன் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கு எழுதும் கடிதம். மெட்டு எளிது, வாத்தியமும் குறைவு. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. மகன் லீவில் வரும்போது இருவருமாக இருந்து கேளுங்கள்.