என்ன பண்ணுது?

அன்புள்ள ஐயா,

என் கதையில் ஒரு நோயாளி வருகிறார். அவர் உடம்பு படும் பாட்டைச் சொல்லத் தமிழில் 'வலி'யைத் தவிர வேறு சொல்லே கிடைக்கவில்லை. ஆங்கிலச் சொற்களைப் போடலாமா? ஒவ்வொரு காட்சியிலும் ஐம்புலனும் வரவேண்டும் என்கிறார்களே, சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை விடுங்கள். ஐம்புலனையும் வரிசையில் நிறுத்தி வருகைப்பதிவு எடுப்பது கதை எழுதுகிறவன் வேலை இல்லை.

முதல் கேள்விதான் கோபமூட்டியது. சொல் கிடைக்கவில்லையா, நீங்கள் தேடவில்லையா? குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, காந்துகிறது, பிசைகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. எல்லாமே வினைச்சொற்கள், கவனித்தீர்களா? உடம்பு முடியாதவரிடம் நாம் "என்ன பண்ணுது?" என்றுதானே கேட்கிறோம். கேள்வியே வினையைத்தான் கேட்கிறது. நீங்கள் பெயர்ச்சொல்லைத் தேடிப் போனால் 'வலி'தான் அகப்படும். (மூக்குக்கு வேண்டுமானால் நம்மிடம் சொல் குறைவு. நறுமணத்தையும் குறித்துவந்த 'நாற்ற'த்தைச் சாக்கடையில் தள்ளியவர்கள் நாம். அது வேறு கதை.)

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போதெல்லாம் அவளை முந்திக்கொண்டு "கால்வலி" என்று நானே சொல்லிவிடுவேன். வலிமாத்திரை எழுதித் தருவார்கள். கேட்காது. ஒருநாள் நான் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது, வேறொரு மருத்துவரிடம் அவளே சொல்லியிருக்கிறாள்: "வலியெல்லாம் இல்லைங்க. பாதம் காந்துது. ராத்திரியானா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தரையில கால வெச்சா பஞ்சு மேல நிக்கிற மாதிரி." நான் உள்ளே நுழைந்தபோது அவர் இசைக்கவையைத் தட்டி அவள் கால் பெருவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது. அவள் மூன்று வாக்கியத்தில் சொன்னதை இத்தனை மாதம் என் ஒரே சொல் மூடி வைத்திருந்தது.

ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-இல் மெக்கில் வலி வினாப்பட்டியலை வெளியிட்டார். 78 சொற்கள், 20 தொகுதிகள். எவ்வளவு வலிக்கிறது என்பதோடு எப்படி வலிக்கிறது என்றும் கேட்பதற்காக. அம்மாவிடம் காட்டியிருந்தால் இன்னும் பத்து சேர்த்திருப்பாள்.

ஆங்கிலச் சொல்லா? போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு வழக்கில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த நோயாளிக்கு எங்கே நோகிறது, பகலிலா இரவிலா என்றுகூட ஒரு வரி இல்லையே, தம்பி. அவருக்கு என்ன பண்ணுதாம்? முதலில் அதை எழுதி அனுப்புங்கள்.